அத்தான் கொடுத்த கப்பி

அந்த ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு மேசைகள். பதினொன்றில் அலுமினியக் கப்பி. ஏழாம் மேசையில் மட்டும் பித்தளைக் கப்பி, அதுவும் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்ற பளபளப்பில். அந்த மேசைதான் சீனியருக்கு.

சீனியர் என்பது அவனுடைய தகுதி அல்ல, நிலைமை. தன்னைவிட இரண்டு வயது இளையவர்களோடு இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறவனை அவர்கள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிட்டார்கள். மற்ற தாள்களையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டான். இது ஒன்றுதான் பாக்கி. மூன்று வாய்ப்புக்கு மேல் பல்கலைக்கழகம் தருவதில்லை. இன்று கோட்டை விட்டால் பட்டம் கிடையாது. அத்தனை வருடம் படித்ததற்கு அத்தாட்சியாக மிஞ்சப்போவது அடையாள அட்டையில் உள்ள அந்தக் கேவலமான புகைப்படம் மட்டும்.

பித்தளைக் கப்பி தானாக வரவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் அவனுடைய அக்காவின் கணவர். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே காதோடு சொல்லியிருந்தார்.

"மச்சான், ஏழாம் நம்பர் மேஜை உனக்கு. அலமாரியில ஒரு கப்பி சும்மா கிடந்துச்சு. அசல் பித்தளை. துடைச்சு, எண்ணெய் விட்டு மாட்டியிருக்கேன். மத்ததெல்லாம் ஊதினா பறக்கும். இது கனம்னா அப்படியொரு கனம்!"

"பிரச்சினை ஒண்ணும் வராதே, அத்தான்?"

"நல்ல பொருள்ல என்னடா பிரச்சினை?"

பிரச்சினை சரியாகப் பத்தரை மணிக்கு வந்தது.

சோதனை எளிதானது. கப்பியின் மேல் ஒரு நூல். ஒரு முனையில் இருநூற்றுப் பத்து கிராம், மறுமுனையில் நூற்றுத் தொண்ணூறு. கையை விட்டால் கனமான பக்கம் ஒரு மீட்டர் இறங்கும். இறங்கிய நேரத்தை வாய்பாட்டில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம், அதாவது 'ஜி', ஒன்பது புள்ளி எட்டு என்று வரவேண்டும். அந்தக் கல்லூரியில் ஒன்பது புள்ளி எட்டு வராமல் யாரும் ரெக்கார்டு நோட்டை மூடியதில்லை. விடையை முதலில் எழுதிவிட்டு, அளவீடுகளைக் கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு போவது அங்கே பரம்பரைச் சொத்து.

இரண்டு நொடியில் இறங்கவேண்டிய எடை சீனியருக்கு இரண்டே கால் நொடி எடுத்துக்கொண்டது. ஏழு தடவை விட்டுப் பார்த்தான். ஏழு தடவையும் அதே ஆடி அசைந்த நடை. கணக்குப் போட்டான். ஏழு புள்ளி எட்டு நான்கு. பூமியின் ஈர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் காணவில்லை.

பரம்பரைச் சொத்தில் கை வைக்கப் பேனாவைத் திறந்தான். அதே சமயம் நான்காம் மேசையிலிருந்து சத்தம் வந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அறுபதை நெருங்கும் அம்மையார், தன் சொந்த ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு, "எங்க, இன்னொரு தடவை விடு" என்றார். அந்த மேசைக்காரன் விட்டான். எழுதியிருந்த நேரம் வேறு, கடிகாரம் காட்டிய நேரம் வேறு. அவர் திட்டவில்லை. தாளை வாங்கி மடித்துக்கொண்டு கதவைக் காட்டினார். அவ்வளவுதான். சீனியர் பேனாவை மூடினான்.

உதவியாளர் துணியால் மேசையைத் துடைப்பதுபோல் வந்து நின்றார்.

"எப்படி, பித்தளை?"

"கெடுத்துட்டீங்க அத்தான். ஏழு எட்டுதான் வருது."

"ரெண்டும் சேர்த்தா பதினஞ்சாச்சே. போதாதா?"

"ஒம்பதுக்கு மேல வரணும்! போயிடுங்க, பாக்குறாங்க."

"சுத்த மாட்டேங்குதோ? இன்னும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடட்டா?"

சுற்றாமல் என்ன? எட்டாவது தடவை விட்டபோது எடை தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டது, நூலும் தொய்ந்துவிட்டது, கப்பி மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டாம் மேசையின் அலுமினியக் கப்பி இரண்டு சுற்றில் அடங்கிவிடுகிறது. இதுவோ நிற்கிற வழியாக இல்லை. சீனியர் விரலால் அழுத்தி நிறுத்தினான். விரலில் உறைத்தது. நிறுத்தவே இவ்வளவு பாடு என்றால், கிளப்ப?

"உன் ஜி எவ்வளவு?"

தேர்வாளர் பக்கத்தில் நின்றார்.

"ஏழு புள்ளி எட்டு நாலு, மேடம்."

எட்டாம் மேசைக்காரன் களுக்கென்று சிரித்தான்.

"வேற கிரகத்துல செஞ்சியா?"

"இதே மேஜையிலதான் மேடம்."

அவர் ஸ்டாப்வாட்சை நீட்டினார். விட்டான். இரண்டு புள்ளி இரண்டு ஆறு. தாளிலும் அதேதான். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ரெண்டு பக்கமும் டென்ஷன் ஒண்ணா?"

"எனக்கு எல்லாப் பக்கமும் இருக்கு மேடம்."

"நூல்ல இருக்கிற இழுவிசையைக் கேட்டேன்."

புத்தகத்தில் 'ஒன்றே' என்றுதான் போட்டிருந்தது. இரண்டு தடவையும் அதைத்தான் எழுதினான், இரண்டு தடவையும் போய்ச் சேர்ந்தான்.

"ஒண்ணு இல்ல மேடம். ஒண்ணா இருந்தா ரெண்டும் சமமா இழுத்துக்கிட்டு கப்பி சும்மா நிக்கும். இந்தக் கனத்தைச் சுத்த வைக்க ஒரு பக்கம் கூட இழுக்கணும். அந்தச் செலவு போகத்தான் மிச்சம் எடைக்கு."

"உராய்வா இருக்கக் கூடாதா?"

"உராய்வா இருந்தா உடனே நின்னுடும். இது நிறுத்தச் சொன்னாலும் நிக்கல."

"அப்ப கப்பியோட எடை சொல்லு. கழட்டாம. தப்பா இருந்தா நீ கிளம்பலாம்."

சீனியர் எழுதினான். எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வாய்பாட்டில் இரண்டு எடையும் சேர்ந்து நானூறு என்று போட்டிருந்தான். ஐந்நூறு என்று போட்டால்தான் ஒன்பது புள்ளி எட்டு வருகிறது. அந்த நூறு கிராம் கப்பியின் பங்கு. முழு வட்டு என்றால் எடையில் பாதிதான் கணக்கில் சேரும். மூன்று வருடமாக மனப்பாடம் செய்த அந்தப் 'பாதி' எதற்கென்று அவனுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"இருநூறு கிராம் மேடம்."

"கழட்டுங்க."

உதவியாளர் திருப்புளியால் கப்பியைக் கழற்றினார். மின் தராசில் வைத்தார். எண்கள் துள்ளின. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இருநூற்றாறு. இருநூற்று மூன்றில் நின்றது.

"மூணு கிராம் அதிகம்" என்றார் தேர்வாளர்.

"அது நான் விட்ட எண்ணெய் மேடம்!" என்றார் உதவியாளர் பெருமையோடு.

தேர்வாளர் தராசிலிருந்து நிமிர்ந்தார்.

"இந்தக் கப்பிக்கு மட்டும் எதுக்கு எண்ணெய்?"

உதவியாளர் தராசைப் பார்த்தார். தராசு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

"இவன் உங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரி தம்பி, மேடம்."

தேர்வாளர் கைப்பையிலிருந்து முறைகேட்டுப் படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். சீனியரின் பதிவெண்ணை எழுதினார். செய்முறை எண்ணை எழுதினார். 'அளிக்கப்பட்ட உதவி' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இங்க நான் என்ன எழுதுறது? இருக்கிறதுலேயே கனமான கப்பியைத் தேடிப் பிடிச்சு, வர வேண்டிய விடையில அஞ்சுல ஒரு பங்கைக் காலி பண்ணியிருக்கீங்க. இதை உதவின்னு எழுதி அனுப்பினா என்னைத்தான் திரும்பப் படிக்கச் சொல்லுவாங்க."

படிவத்தை நான்காகக் கிழித்தார். மதிப்பெண் தாளை எடுத்து, யாரும் மறைக்கச் சொல்லாததால் மறைக்காமலே, ஐம்பதுக்கு முப்பத்தொன்று என்று போட்டார். தேர்ச்சிக்கு இருபது போதும். சீனியர் முக்காலியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தான்.

"கப்பியை எங்க மாட்ட, மேடம்?" என்றார் உதவியாளர் சன்னமாக.

"எட்டாம் மேஜையில."

எட்டாம் மேசைக்காரன், தன் தாளிலிருந்த ஒன்பது புள்ளி எட்டைப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாக ரப்பரைத் தேடினான்.