முடியக் கூடாத வார்த்தை

ரேஸ் என்றதும் குதிரை பார்க்க ஓடாதீர்கள். இது லத்தீன் வார்த்தை. பொருள் என்று அர்த்தம். விவகாரம், சொத்து, வழக்கு என்றும் அர்த்தம். வாக்கியத்தில் நிற்கும் இடத்தைப் பார்த்து ரெம், ரே, ரேபுஸ் என்று வாலை மாற்றிக்கொண்டே போகும்.

அகராதி அலுவலகத்தில் இது இரண்டு பேர் தலையில் விழுந்தது. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் ஒருவனுக்குச் சந்தேகம் என்றே பட்டப்பெயர். எதிரே உட்கார்ந்தவள் கறார் பேர்வழி. ஒரு தடவை எழுதியதை மறுபடி தொடமாட்டாள். வார்த்தை முடிந்தால் ஜோடியைப் பிரித்து மேஜையை மாற்றிவிடுவது அங்கே வழக்கம். அவள் எதிரே இல்லாத ஒரு நாளை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் துப்பில்லை. ஆகவே வார்த்தையை ஜவ்வாக இழுத்தான்.

ஒரு நாள் காலையில் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் வந்து நின்றார். "இன்னிக்கு ரேஸ் முடியணும். நாளைக்கு இவங்க மேல்மாடிக்குப் போறாங்க" என்று அவளைக் காட்டினார்.

"சார், நாலாம் வேற்றுமைக்கும் அஞ்சாம் வேற்றுமைக்கும் பன்மையில ரேபுஸ்னு ஒரே வடிவம்தான் வருது. அதை ஒரு தடவை போடறதா, ரெண்டு தடவையா?" என்றான் அவன்.

"ரெண்டு தடவை போடுங்க. அடுத்து?"

"பொதுங்கற லத்தீன் சொல் கூட வந்தா ரேஸுக்கு நாடுன்னு அர்த்தம் ஆயிடுது. அதைத் தனியா..."

"தனியா போடுங்க. முடிஞ்சுதா?"

அவன் கையில் இருந்த கேள்விச் சரக்கு தீர்ந்துவிட்டது.

எதிர்மேஜையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "சார், வழக்குங்கற அர்த்தத்துல எனக்கு ஒரு குழப்பம் இருக்கு."

அறையே திரும்பிப் பார்த்தது. இவளுக்குக் குழப்பமா! அந்த அர்த்தத்தைப் போன வாரம்தான் அவளே எழுதி முடித்திருந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் அதுவரை கண்டதில்லை.

பதிப்பாசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் உயிரை வாங்காதீங்க. வெளியே போய்ப் பேசி முடிச்சுட்டு வாங்க. ரேஸை நான் பாத்துக்கறேன்."

தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றார்கள்.

"வழக்குல என்ன குழப்பம்?" என்றான்.

"ஒண்ணுமில்ல. எத்தனை நாள்தான் நானும் காத்திருக்கறது? கேக்க வேண்டியதைக் கேட்டுத் தொலைங்க."

"கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று ஒருவழியாகக் கேட்டுத் தொலைத்தான். அவள் சரி என்றாள்.

உள்ளே வந்ததும் தன் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் தூக்குங்க. மேல கொண்டு போயிடலாம்."

"நாளைக்குத்தானே?"

"எந்த மாடியில உக்காந்தா என்ன? இனிமே ஒரே வீட்டுக்குத்தானே போகப்போறோம்?"

படியேறி முடிக்கும்வரை அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை.