திங்கட்கிழமைப் புலி

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: ரங்கூன் துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுத்துரை, காலமான அவர் தம்பியின் பர்மாக்கார மனைவி மா தின், அவள் மகள் ஆண்டாள், அவளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த அரிசித் தரகர் நல்லையா, அவர் மனைவி கனகாம்பாள். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

சீனர்களுக்கு நெருப்புப் புலி வருஷம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் தெருவில் இன்னும் கிடந்தது. கல்யாணத் தேதி குறிக்க வருகிறார்கள் என்றுதான் பொன்னுத்துரை கூடத்தைக் கழுவிச் சாம்பிராணி போட்டு வைத்திருந்தார். தகப்பன் இல்லாத பெண், தாய் வேறு இனம். அவளை நாலு பேர் அறிய, தலை குனியாமல் ஓர் இடத்தில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு கவலைதான் அவருக்கு.

நல்லையா தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் காகிதத்தில் வரைந்த புலி ஒன்றும், எண்ணெய் கசிந்த இலைப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. சாம்பிராணியை மீறி ஒரு வாடை எழுந்தது.

"என்னய்யா இது?"

"சீனக்கடைத் தெரு லத்தாவுல ஒரு ஜோசியர்கிட்ட வருஷப் பலன் கேட்டோம், அண்ணே. பொறந்த வருஷப்படி நம்ம பையன் நெருப்புக் குதிரை. ஒங்க பொண்ணு தண்ணிப் புலி. தண்ணி நெருப்பை அவிச்சிடுமாம். அதுக்குக் கழிப்பு ஒண்ணு இருக்கு. இந்தப் புலி வாயில பொண்ணு தன் கையால கொழுப்பைத் தடவிட்டாச் சரியாப் போயிடும்."

"எதோட கொழுப்பு?"

நல்லையா உத்தரத்தைப் பார்த்தார். "பன்னிதான். பச்சையா இருக்கணுமாம்" என்றாள் கனகாம்பாள்.

பொன்னுத்துரை துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். முட்டைகூட நுழையாத வீடு.

"இவ புலின்னு யாரு சொன்னா?"

"பெத்தவளேதான்!" என்றாள் கனகாம்பாள். "ஒம் மகளுக்கு எந்த மிருகம்னு கேட்டேன், புலின்னா. புலி வருஷம் பன்னெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. பன்னெண்டு வயசுப் புள்ளையா இது? அப்ப இருபத்து நாலு. எம் மவனுக்கு இருபது. வயசை மறைச்சதையும் பொறுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கோம்."

மா தின் முன்னால் வந்தாள். "மாமா, நான் கிழமை சொன்னேன். எங்களுக்குக் கிழமைக்குத்தானே மிருகம்? திங்கக்கிழமை பொறந்தாப் புலி. புத்தர் கோயில் பயாவுல திங்கக்கிழமை மூலையில புலிதானே உக்காந்திருக்கு?"

"பொறந்தது பிலவங்க வருஷம் மாசியில. இருபத்து நாலு இல்ல, பதினெட்டு" என்றார் பொன்னுத்துரை. "கேட்டுக்கிட்டீங்களா?"

மன்னிப்புக் கேட்பார்கள் என்று காத்திருந்தார். நல்லையாவோ அது எந்தச் சீன வருஷம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஐயையோ, குரங்கு! புலி வருஷத்துல குரங்குக்கு ஆகவே ஆகாதாமே. இதுக்கு வேற கழிப்பு இருக்கும். நாளைக்கே கேட்டுடறேன்."

"எதுக்கும் இதையும் தடவிடட்டும். வாங்கினது வீணாப் போவானேன்" என்றாள் கனகாம்பாள், பொட்டலத்தைப் பிரித்தபடி.

வெள்ளையாக, ரத்தம் படிந்து, ஓர் ஈயோடு அது திறந்தது.

"நான் தடவிடறேன், பெரியப்பா. கையைக் கழுவிக்கிட்டாப் போச்சு" என்றாள் ஆண்டாள் மெல்ல.

"கையைக் கழுவலாம். இவங்க வீட்டுல போய் வாழ்ந்தா எதைக் கழுவுவே?"

எழுந்தார். தாம்பாளத்தைத் தொட மனமில்லாமல் கைத்தடியால் நல்லையா பக்கம் தள்ளினார்.

"சீனர் சாஸ்திரம் சீனருக்கு. அந்த ஜோசியரை நான் குறை சொல்லல. கேட்டதுக்குப் பதில் சொன்னாரு. இன்னிக்குப் புலி, நாளைக்குக் குரங்கு. இந்தப் புள்ளையை மனுஷியாப் பாக்க ஒங்களுக்குக் கண்ணு இல்ல. எடுத்துக்கிட்டுப் போங்க."

"அண்ணே, கல்யாணம் நின்னுபோன பொண்ணுன்னு ஊரு பேசும்."

"பேசட்டும்."

அவர்கள் படி இறங்கியதும் மா தின் தரையைக் கழுவினாள். போதாது என்று பொன்னுத்துரை இன்னொரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஆண்டாளுக்கு இருபத்து நாலு வயது என்றும், அதைக் கண்டுபிடித்து நல்லையா வீட்டார் சம்பந்தத்தை முறித்தார்கள் என்றும் லத்தாவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவளுக்கு வயது பதினெட்டு. முறித்தது பெண் வீடு.