வெளியிலிருந்து திறக்கும் கதவு

என் பிக்கப் வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். அதை வாங்கிய நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. எனக்காக ஒரு சின்ன காரைப் பார்த்து, நிறம்வரை முடிவுசெய்து வைத்திருந்தார். நான் போய் இதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். "குப்பை அள்ளப் போறாளான்னு கேளு," என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு நடுவே அம்மாதான் தபால்காரர்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். தினமும் வேலைக்குப் போக இத்தனை பெரிய வண்டி எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசைக்குக் காரணம் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. காலையில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வீட்டில் இருந்தது என் வண்டி மட்டும்தான். முறுக்கிக்கொண்டே ஏறினார். அவர் பக்கத்துக் கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது, கண்ணாடியும் இறங்காது. நான்தான் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். ராஜா மாதிரி இறங்குவார், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலிக்கவும் செய்யும். இந்த வண்டி வரும்வரை வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது நாங்கள் இருவரும்தான்.

ஒரு நாள் பிசியோதெரபி மையத்து வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கடை முதலாளி போனில் கத்த ஆரம்பித்தார். பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போய், டோக்கன் வாங்கி, உட்கார்ந்தும்விட்டேன். அடுத்து அம்மா அழைத்தாள்.

"அப்பா வண்டிக்குள்ளயே இருக்காராம்டி. கதவத் தொறக்கணுமாம்."

"அத என்கிட்ட சொன்னா வாய் தேஞ்சிடுமா? அவரையே கேக்கச் சொல்லு."

வெளியே போய் வண்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றேன். உள்ளேயிருந்து அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. கடைசியில் எட்டிக் கைநீட்டி ஹாரனை ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார்.

அந்த ஹாரன் கத்த ஆரம்பித்தால் நிற்காது. அது அவருக்குத் தெரியாது. தெருவே திரும்பிப் பார்த்தது. பானட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கினால்தான் உண்டு. பானட் லீவரோ அவர் காலடியில்.

"அப்பா, கீழ ஒரு லீவர் இருக்கு, இழுங்க!"

"எதும்மா? இந்தக் கறுப்புப் பிடியா?"

"அதான், நல்லா இழுங்க!"

"வரமாட்டேங்குதே!"

"பழசுப்பா! கொஞ்சம் தூக்கி இழுக்கணும்!"

இழுத்தார். ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் அடங்கிய பிறகுதான் அந்த 'எதும்மா' எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கைத்தடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"ஹாரன் மட்டும் புதுசு போல," என்றார்.

அதற்குப் பிறகு வழியெல்லாம் பேச்சுதான். பாதிக்கு மேல் திட்டு. கிளட்சை மிதிக்கத் தெரியவில்லை, வளைவில் திரும்பத் தெரியவில்லை, வண்டி பார்த்து வாங்கத் தெரியவே தெரியவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பழைய உதிரிபாகக் கடையில் அந்தக் கதவுக்கு ஏற்ற கைப்பிடி கிடைத்தது. வாங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டதோடு சரி. ஒரு நாள் கண்ணாடி துடைக்கத் துணி தேடியபோது அது அப்பாவின் கையில் சிக்கியது.

"இந்தக் கதவோடதா?"

"ஆமாப்பா. மாட்டணும். நேரமே கெடைக்கல."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை உள்ளேயே வைத்து, பெட்டியை மூடினார்.

"இப்ப என்ன அவசரம்," என்றார். "வந்து கதவத் தொற."