எட்டாம் பிளாக்குக் காடு

மலேசியாவில் சுவா என்ற ஊருக்கு உள்ளே இருக்கும் தோட்டத்தின் எட்டாம் பிளாக்கில், எண்ணெய்ப் பழம் காய்த்து ஓய்ந்த கிழட்டுச் செம்பனைகளை வெட்டிச் சாய்த்த மறுவாரம், பழைய பிரெஞ்சுக் கதைகளில் வரும் காடு முளைத்தது. கம்பெனி மருந்தடித்துப் பார்த்தது. ஓக் மரங்கள் இன்னும் கொழுத்தன. நடுவே ஒரு கறுத்த ஆறு, அதன்மேல் பாராங்கத்தியை நிமிர்த்தி வைத்தாற்போல் ஒரு பாலம், இக்கரையில் சின்ன ஜெபக்கூடம், அதில் தாடி வளர்த்த ஒரு துறவி. பழத்துக்கு விலை இறங்கியிருந்த சமயம் என்பதால் மேலிடம் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அர்ச்சுனன் ஆட்களை ஒன்பதாம் பிளாக்குக்கு மாற்றிவிட்டு, அத்தோடு மறந்தும் போனார்.

அது எந்தக் காடு என்று சொன்னவள் குளோரியா. நீலாய் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தக் கதைகளைத்தான் பாடம் நடத்துகிறாள். வார இறுதியில் அப்பா ராயப்பனைப் பார்க்கத் தோட்டத்துக்கு வருவாள். அந்தக் கதைகளில் காடு என்பது உள்ளே போகிறவனின் மனசுதான், வெள்ளை மான் வந்தால் யாரையோ கூட்டிப்போக வந்திருக்கிறது, வழி தவறியவனுக்குத் துறவி வழி சொல்வார், கத்திப் பாலத்தைத் தாண்டியவன் திரும்புவதில்லை என்று விளக்கினாள். சிலர் துறவியைப் போய்ப் பார்த்தும் வந்தார்கள். நல்ல தோட்டத்துத் தமிழ் பேசினாராம். ஆனால் அவரவர் மறைத்து வைத்திருந்ததையே அவரவருக்கு எடுத்துச் சொன்னதால், இரண்டாம் தடவை யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ராயப்பன் செம்பனைப் பழம் வெட்டி ஓய்ந்தவர். மனைவி லில்லி செத்ததிலிருந்து மனுஷர் வாய் திறப்பதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பூசைக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வெள்ளை மான் நின்றது. குளோரியா கதவருகே வந்தாள். அப்பா செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கிளம்புகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும்; கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் அவர்கள் வீட்டில் இதை மட்டும் யாரும் விடவில்லை. மரியாதை பார்த்து ஒருவன் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதில் ஒரு நாடே பாழாய்ப்போன கதையை வருஷாவருஷம் நடத்துகிறவள், வாயை மூடிக்கொண்டு நின்றாள். படித்து என்ன பிரயோசனம்? மான் முன்னே போக, ராயப்பன் பின்னே போனார்.

சாயங்காலத்துக்குள் சுற்றுப் பிளாக்குகளில் குலைகளெல்லாம் சதை வற்றிச் சக்கையாகின. குழாயில் துருத்தண்ணீர் வந்தது. குளோரியா காட்டுக்குள் ஓடினாள். ஜெபக்கூட வாசலில் துறவி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா இந்தப் பக்கம் வந்தாரா, சாமி?”

“பாலத்த தாண்டிட்டாரும்மா. நீ ஏன் எங்க போறீங்கன்னு கேக்கல?”

“வெளிய போறவங்கள கேக்கக் கூடாதுலா...”

“செருப்ப ரெண்டு வாட்டி மாட்டுனாரே, எதுக்குன்னு நெனச்ச? ஒரு வார்த்த கேட்டிருந்தா உள்ள வந்து படுத்திருப்பாரு.”

“இப்ப கேட்டா திரும்பி வருவாரா?”

“அது வாசல்ல கேக்குற கேள்விம்மா. ஆத்தங்கரையில கேட்டா வெறும் சத்தந்தான்.”

அவள் மண்ணில் உட்கார்ந்து, நெஞ்சு வலிக்க அழுதாள். துறவி தேற்றவில்லை. தேற்றுவது அவர் வேலையும் இல்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. குலைகள் இன்னும் சக்கைதான். கம்பெனி ஒன்பதாம் பிளாக்கையும் கைகழுவிவிட்டது. ராயப்பனைச் செத்தவர்களோடு சேர்ப்பதா, இருப்பவர்களோடு சேர்ப்பதா என்று பாதிரியாருக்குத் தெரியவில்லை; இரண்டு ஜெபத்திலும் பேரைச் சொல்லிவிடுகிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் குளோரியா ஆற்றங்கரைக்குப் போகிறாள். எதிர்க்கரையில் அப்பா அதே சட்டையோடு நிற்பார். “எங்க போறீங்கப்பா?” என்று தொண்டை கிழியக் கத்துவாள். அவர் காதில் கைவைத்துப் பார்ப்பார், கேட்காது. மழை இருட்டிக்கொண்டு வந்தால், நனையாமல் வீட்டுக்குப் போ என்று கைகாட்டுவார். அவளும் போய்விடுவாள்.