மூக்குக்கு நாலு இஞ்சு கீழே

"இது உங்க மூக்கு இல்ல."

தையல்காரம்மா இதைச் சொன்னது மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்னது என் சமையலறை வரைக்கும் கேட்டது. இரண்டாவது தடவைக்கு அடுப்பை அணைத்தேன். மூன்றாவதுக்குள் துணி காயப்போடுகிற சாக்கில் மதில் ஓரத்துக்கே வந்துவிட்டேன். கையில் ஈரத்துணி ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம்.

"மூக்கு என்னோடதுதான். வேற யாரோடது?" என்றார் அவள் புருஷன்.

மனிதர் அவர்கள் வீட்டு முற்றத்தில், நடு ஸ்டாண்ட் போட்ட மோட்டார் சைக்கிள் மேல், புகைப்படம் எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக இருந்தார். அவள் அளவு நாடாவின் ஒரு முனையை அவர் மூக்கு நுனியில் அழுத்திக்கொண்டு, மறு முனையை, காற்றைத் தடுக்க வண்டிக்கு முன்னால் மாட்டியிருந்த கண்ணாடி வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தாள். புதுக் கண்ணாடி. அந்த வருஷத்தில் நாலாவது.

"நீங்கதானே சொன்னீங்க, கண்ணாடியோட மேல் விளிம்பு ஓட்டுறவங்க மூக்கு மட்டத்துக்கு வரணும்னு? இது நாலு இஞ்சு கீழ நிக்குது. உங்க ரெண்டாவது பட்டனுக்கு நேரா. உங்க மூக்கு அங்கயா இருக்கு?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு கிளட்ச் இருக்கிற இடது பக்கம் போய், கொஞ்சம் குரலை இறக்கி, "யாரு ஓட்டுறா இதை?" என்று கேட்டாள். அதற்கு அவர் மூச்சு விடவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பார்த்தீர்களா, அதுதான் அவரிடம் பிடிக்காதது. பாதிக் கேள்விக்குப் பதில் வரும். பாதிக்கு வராது. வராத பாதி எது என்று பார்த்தால், ஒரு மனைவி கட்டாயம் கேட்டே ஆகவேண்டிய பாதியாக இருக்கும்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிநீர் வாரியத்தில் கசிவு பார்க்கிறவர். நாங்கள் குழாய்க்காரர் என்போம், ஆனால் குழாயை அவர் தொடுவதே இல்லை. ஒரு நீளக் கம்பியைத் தரையில் ஊன்றி, அதன் தலையில் இருக்கும் கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்பார். மண்ணுக்கு அடியில் எங்கே தண்ணீர் சீறுகிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் போட்ட இடத்தில் தோண்டினால் ஓட்டை இருக்கும். காதுதான் சம்பளம் வாங்குகிறது, மற்ற உடம்பெல்லாம் அதைச் சுமந்துகொண்டு போகிறது என்று அவள்தான் முன்னெல்லாம் கேலி பேசுவாள்.

தினமும் நெடுஞ்சாலையில் போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். காற்று ஹெல்மெட்டில் அறைகிறது, தலையைப் பிடித்து உலுக்குகிறது என்று ஒரு நாள் ஆரம்பித்தார். வண்டியோடு வந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உயரமாக ஒன்று வாங்கினார். அதில் இன்னும் மோசம், தகர டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறதாம். அதைவிட அகலமாக ஒன்று வந்தது. அதுவும் சரிப்படவில்லை. காற்று கண்ணாடியில் ஏறி விளிம்பில் உடைந்து, சுழன்று வந்து தலையில்தான் விழுகிறது என்று அவளை உட்காரவைத்து விளக்கினார். கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே அதைப் பற்றித்தான் என்றால், அவளுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? காற்றைப் பற்றி இத்தனை அக்கறை எந்தப் புருஷனுக்கு வரும்?

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் காணாமல் போக ஆரம்பித்தன. காலையில் காபி குடித்ததும் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். எங்கே என்றால், புறவழிச்சாலை. எதற்கு என்றால், கண்ணாடி. திரும்பி வந்த மனிதரின் காலரில் ஒரு நாள் சிவப்பு நூல் இருந்தது. தையல்காரி வீட்டில் நூல் இல்லாமல் இருக்குமா என்பீர்கள். ஆனால் இது கம்பளி நூல். அவள் வீட்டில் பருத்தி உண்டு, பட்டு உண்டு, நைலான் உண்டு. கம்பளி கிடையாது. அவளுக்குக் கம்பளியைத் தொட்டால் தும்மல் வரும். அடுத்த வாரம் ஹெல்மெட்டின் பின்புறத்தில் இன்னும் இரண்டு துண்டு, விரல் நீளம், கத்தரியால் ஒரே அளவாக வெட்டியது. வெட்டின கைக்குப் பழக்கம் இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்தாள். அவற்றை ஊசிப் பெட்டியில் காகிதம் சுற்றிப் பத்திரப்படுத்தினாள். என்னிடம் காட்டியபோது தும்மினாள்.

இந்தக் கட்டத்தில் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதையும் நானாகச் சொல்லவில்லை, அவள் கேட்கப்போகிறாள் என்று தெரிந்ததால் சொன்னேன். போன மாதம் பேருந்தில் வரும்போது அவரைப் பார்த்தேன். பின்னால் ஒரு பெண். கடைத்தெரு மூலையில் விளம்பரப் பலகை செய்கிறாளே, அந்த போர்டுக்கடைக்காரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அவர் பிடரியை ஒட்டி முகத்தைக் கொண்டுபோய் என்னவோ உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேருந்து கடந்துவிட்டது. மீதியை நான் பார்க்கவில்லை. பார்த்தவரைக்கும் சொன்னேன்.

தையல்காரம்மா அழவில்லை, கத்தவில்லை. அளவு நோட்டை எடுத்தாள். ஊரில் பாதிப் பெண்களின் உடம்பு அந்த நோட்டில் இருக்கிறது. போர்டுக்கடைக்காரிக்கு இரண்டு சட்டை தைத்த கணக்கில் அவள் அளவும் இருந்தது. புருஷனுடைய அளவை மனப்பாடமாகவே சொல்வாள். இரண்டையும் கழித்துப் பார்த்தால், தோள் உயரத்தில் போர்டுக்கடைக்காரி சரியாக நாலு இஞ்சு கம்மி.

அதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு முற்றத்துக்கு வந்த கதை.

"அப்ப அவதான் வண்டிய ஓட்டுறா. நீங்க பின்னாடி உக்காந்துட்டுப் போறீங்க," என்றாள், இப்போது அவர் முகத்துக்கு நேராக வந்து. "அவ மூக்குக்கு அளவெடுத்து வெட்டின கண்ணாடி இது. நான் பதினாறு வருஷமா அளவெடுக்கிறேன், எனக்கே கதை விடாதீங்க."

"அவ கடையிலதான் இந்தக் கண்ணாடிக்கு அக்ரிலிக் ஷீட் இருக்கு. சூடு காட்டி வளைக்கிற மெஷினும் இருக்கு. அதுக்குத்தான் போனேன். ஒரே ஒரு நாள் பின்னாடி உக்காந்து பார்த்தா, அவ்வளவுதான்."

"எதைப் பார்த்தா?"

"நூலை."

அவர் சொன்னது இவ்வளவே. ஹெல்மெட்டிலும் கண்ணாடி விளிம்பிலும் கம்பளித் துண்டுகளை ஒட்டிவிட்டு ஓட்டினால், காற்று எப்படிப் போகிறது என்று நூல் காட்டிக்கொடுக்குமாம். படிந்து கிடந்தால் நல்ல காற்று. பேய் பிடித்த மாதிரி ஆடினால் கெட்ட காற்று. அவர் தலைக்குப் பின்னால் இருப்பதை அவரே பார்க்க முடியாது, அதனால் போர்டுக்கடைக்காரி பார்த்தாள். கேட்கக் கேட்க எனக்கே சிரிப்பு வந்தது. பொய் சொன்னாலும் கொஞ்சம் நம்புகிற மாதிரி சொல்லத் தெரிய வேண்டாமா?

தையல்காரம்மா நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டாள். உள்ளே போய் அவளுடைய ஹெல்மெட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். "அவளைக் கூட்டிட்டுப் போன ரோட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. போயிட்டு வந்து என் துணிமணிய எடுத்துட்டு அம்மா வீட்டுக்குப் போறதா வேண்டாமான்னு சொல்றேன்."

அவர்கள் போனபிறகு அந்த நாற்பது நிமிஷம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பாத்திரங்களை வாசலுக்கே கொண்டுவந்து கழுவிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது ஓட்டினவர் சாதாரணமாக இறங்கினார். அவள் இறங்கின கோலத்தைப் பார்க்க வேண்டுமே. ஹெல்மெட்டைக் கழற்றினால் கொண்டை இருந்த இடத்தில் கொண்டை இல்லை. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளே பின்னால் எனக்குச் சொன்னது இது. வண்டி மூன்றாவது கியருக்குப் போனதுமே மனிதர் மடங்கிவிட்டாராம். முதுகு வளைந்து, தோள் இறங்கி, தலை உள்ளே போய், ஆமை மாதிரி. வருஷக்கணக்காகக் காற்றுக்குத் தலையைக் கொடுத்துக் கொடுத்து வந்த வளைவு. வேகம் எடுத்தால் தானாக வருகிறது, அவருக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து அவள் கண்ணாலேயே அளந்தாள். சரியாக நாலு இஞ்சு. அந்தக் குனிந்த மூக்குக்குத்தான் கண்ணாடி வெட்டியிருந்தது. முற்றத்தில் அளவெடுக்கும்போது அவள் வாயில் எப்போதும் வருகிற வார்த்தை வந்திருக்கிறது: நிமிர்ந்து உட்காருங்க. சட்டைக்கு அளவெடுக்க அது சரி. நிமிர்ந்து உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவன் எவன்?

இன்னொன்றும் தெரிந்தது. குனிந்த தலைக்கு மேலே தாவின காற்று முழுக்கப் பின்னால் இருப்பவள் முகத்தில்தான் வந்து மோதுகிறது. ஐந்து நிமிஷத்தில் பல்லெல்லாம் ஆடுகிற மாதிரி ஆகிவிட்டதாம். அந்த இடத்தில் ஆசைப்பட்டு இரண்டாவது தடவை எந்தப் பெண்ணும் உட்கார மாட்டாள் என்று தையல்காரம்மாவுக்கு விளங்கிவிட்டது.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கதை அங்கேயே முடிந்தது என்று பாத்திரத்தைக் கவிழ்க்கப்போனேன். ஆனால் அவள் படியிலிருந்து எழுந்து உள்ளே போய்த் தையல் கத்தரியோடு வந்தாள். நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு மதில் ஓரத்துக்குப் போனேன்.

அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கண்ணாடியின் திருகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்னால் போய் அவர் இடது காதுக்கு அருகில் கத்தரியை வெட்டினாள். வெறும் காற்றில், சடக், சடக். அவர் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். இன்னும் கிட்டே போய் வெட்டினாள். ஒன்றுமில்லை. வலது பக்கம் நகர்ந்து ஒரு தடவைதான் வெட்டினாள், திடுக்கிட்டுத் திரும்பிவிட்டார்.

அவள் கத்தரியை மூடினாள்.

"ரோட்டுல பின்னாடி இருந்து அத்தனை தடவை கத்தினேன்," என்றாள். "இந்தப் பக்கம் சாஞ்சு கேட்டப்பதான் பதில் சொன்னீங்க. எத்தனை நாளா?"

"போன வருஷத்துலருந்து. காத்து இரைச்சல்தான். கண்ணாடி வெச்சா இருக்கிறதாவது மிஞ்சும்னு பார்த்தேன்." அவர் தலையைத் தூக்கவில்லை. "மாசக் கடைசியில ஆபீஸ்ல காது டெஸ்ட். தெரிஞ்சா கம்பிய வாங்கி வெச்சுக்குவாங்க."

தையல்காரம்மா கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில், வலது காதுப் பக்கமாக, தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு பொம்பளைன்னா முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்," என்றாள். "காதை என்னங்க பண்றது?"

மறைத்துவிடலாம் என்றுதான் அவர் கணக்கு. டெஸ்டில் தலையைத் திருப்பி எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றாராம். அதற்கு அவள் ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்துச் சந்தில் அவர் கசிவு இல்லை என்று எழுதிக்கொடுத்த இடத்தில் போன வாரம் தண்ணீர் அரித்து மதில் இறங்கிவிட்டதே, அது கேட்காததாலா என்று ஒரே கேள்வி கேட்டாளாம். அவர் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அவள் வலது பக்கம்தான் இருந்தாள். திங்கட்கிழமை காலையில் அவராகவே போய் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். கம்பியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வேலையிலிருந்து எடுக்கவில்லை. வேறு ஊரில் ஒரு நீரேற்று நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தில் யாருக்குமே எதுவும் கேட்காதாம், எல்லோரும் கத்தித்தான் பேசுவார்களாம். இவருக்கு அங்கே மரியாதையாக இருக்கும். ரெண்டு மாசத்தில் வீட்டைக் காலி செய்தார்கள். காலி செய்கிற அன்று பார்த்தேன், கண்ணாடி மறுபடி மாறியிருந்தது. ஐந்தாவது. மேல் விளிம்பில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு துண்டு, அடியில் காற்று நுழைய ஒரு சந்து. ரெண்டு பேரையும் வண்டியில் உட்காரவைத்து, ஓட்டிக்காட்டச் சொல்லி அளந்து வெட்டினாளாம் போர்டுக்கடைக்காரி. கொண்டை கலையாமல்தான் போனாள் தையல்காரம்மா. அவர் குனிந்தேதான் ஓட்டினார்.

போர்டுக்கடைக்காரிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. இதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். விஷயம் கசமுசா என்று இருந்தபோது, ஒரு நடை போய் விசாரித்து வா என்று என் கொழுந்தனைத்தான் அந்தக் கடைக்கு அனுப்பியிருந்தேன். நாற்பதைத் தாண்டியும் தனியாக இருக்கிறவர், அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். சும்மா போய் நின்றால் சந்தேகம் வரும் என்று 'நாய் ஜாக்கிரதை' என்று ஒரு பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். எழுத்து சரியில்லை என்று மறுநாள் போனார். நிறம் சரியில்லை என்று அதற்கு மறுநாள். பிழை திருத்துகிறவருக்குக் குறை கண்டுபிடிக்கச் சொல்லியா தர வேண்டும்? ஒரு செய்தியும் கொண்டுவரவில்லை. வரும்போதெல்லாம் பலகைதான் கொண்டுவந்தார். இன்று அவள் எனக்கு ஓரகத்தி, மாடியில் குடியிருக்கிறாள். எங்கள் கேட்டில் மூன்று பலகை தொங்குகிறது. நாய் கிடையாது.

தையல்காரம்மா போவதற்கு முன் எனக்குக் கடைசியாக ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். நான் பார்த்ததைத்தானே சொன்னேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். எதுவும் வைத்துக்கொள்ளவில்லை அக்கா என்று சிரித்தாள். போட்டுப் பார்த்தால் இடுப்பில் ரெண்டு இஞ்சு இறுக்கம். நான் பருத்துவிட்டேன் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.