நாலாவது அச்சு

கம்பைநல்லூரில் ஹசீனா அக்காவின் பீங்கான் பட்டறைக்கு வேலைக்கு வந்தபோது குருவின் கையில் ஒரு டிப்ளமோவும் மனதில் இரண்டு அரியரும் இருந்தன. அரியரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தானாகச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கும் இல்லை.

பிளாஸ்டர் அச்சில் ஊற்றும் பீங்கான் கரைசலைத் தயாரிப்பது அவன் பொறுப்பு. தண்ணீர் குறைவாகவும் இருக்க வேண்டும், மோர் மாதிரி ஓடவும் வேண்டும். அதற்குச் சோடியம் சிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். பிறகு ஒரு லிட்டரை எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். 1780 கிராம் இருந்தால் சரி. குறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்; காயும்போது விரிசல் விடும்.

பதினோராவது சொட்டிலேயே குருவுக்குச் சலித்துவிட்டது. வாளியில் இரண்டு பெரிய மக் தண்ணீரை ஊற்றினான். கரைசல் பிரமாதமாக ஓடியது. எடை போடாமலே 1780 என்று அழகாக எழுதிவைத்தான்.

மறுநாள் நாற்பது கப்பும் விளிம்பிலிருந்து அடிவரை விரிசல் விட்டிருந்தன. ஹசீனா அக்கா நோட்டைப் பார்த்தார். கரைசல் சரி. அச்சுகளைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். சரியாகக் காயாத அச்சுகள் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னார். அவற்றை மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்துச் செய்தவள் சசிகலா. அவள் சுத்தியலை எடுத்தாள்.

குரு கல்நெஞ்சக்காரன் இல்லை. துண்டுகளை அள்ளச் சாக்கு பிடித்தான்.

ஒன்று உடைந்தது. இரண்டு. மூன்று. சாக்கின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. நான்காவதும் விழுந்தது. ஐந்தாவதற்குச் சுத்தியல் உயர்ந்தபோதுதான் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது.

"நிறுத்துங்க. தண்ணி ஊத்துனது நாந்தாங்க."

"அப்ப நோட்டுல இருக்கற 1780?" என்றார் அக்கா.

"அது... சும்மா எழுதினதுங்க."

சசிகலா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ங்க. காலைலயே வாளில மிச்சம் இருந்தத எடை போட்டுப் பாத்தேன். 1680."

"அப்புறம் ஏங்க உடைச்சீங்க?"

"மொதோ மூணும் செய்யும்போதே விளிம்பு போனது. எப்படியும் உடைக்கறதுதான். அதுக்குள்ள சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்." அவள் சாக்குக்குள் பார்த்தாள். "நாலாவது நல்லதுங்க."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். குரு 1780-ஐ அடித்து 1680 என்று எழுதினான். இந்தமுறை கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை. சாக்கை இன்னொரு கையில் பிடித்தபடியே இருந்தான். அதைக் கீழே வைக்கலாமா என்று சசிகலாவிடம் கேட்க வாய் வரவில்லை.