நயேலியின் தோளில் யார் போடுவது

கள்ளி விஷயத்தில்தான் எனக்கு முதன்முதலில் வயிறு எரிந்தது.

பதினெட்டு வருஷம் என் மகள் நயேலி வீட்டில் சப்பாத்திக்கள்ளித் துண்டைத் தொட்டவளில்லை. முள் சீவி, நறுக்கி, வெங்காயம் தக்காளியோடு வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி நான் கொண்டுவந்து வைத்தால், "ஐயே, கொழகொழன்னு இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவள், பல்கலைக்கழகத்தில் சிக்கானோ ஆய்வுத் துறையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் முன்னால் நின்று சொல்கிறாள்: "அம்மா, கள்ளி சாப்பிட்டிருக்கியா? அவ்வளவு நல்லா இருக்கும்மா. நம்ம முன்னோர் சாப்பாடு அது. எங்க டாக்டரம்மா செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க."

சாப்பிட்டிருக்கியாவாம்! என்னைப் பார்த்து!

டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கின டாக்டர். ரெபேக்கா அரிஸ்மெந்தி என்று பெயர். மெக்சிகோவிலிருந்து வந்த எங்கள் ஜனங்கள் கலிபோர்னியாவில் பட்ட பாட்டைப் பாடமாக நடத்துகிறவள். அந்தப் பாட்டைப் பட்டவள் நான் வீட்டிலேயே இருக்கிறேன், என்னை யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து டாக்டரம்மா சொன்னாங்க, டாக்டரம்மா சிரிச்சாங்க, டாக்டரம்மா அழுதாங்க என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. டாக்டரம்மா மாதிரி ஒற்றைப் பின்னல், டாக்டரம்மா மாதிரி பெரிய வளையத் தோடு. நான் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். என் மகளின் தலை பதினெட்டு வருஷமாக என் கையில் இருந்தது. அதுவும் போயிற்று.

என் கடையில் அடுத்த நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும் சோக்கோரோவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஒஃபேலியா, உனக்குச் சக்களத்தி வந்துட்டாடி. புருஷனுக்கு இல்ல, பொண்ணுக்கு" என்பாள். சிரிப்பாள். நான் சீப்பைத் தூக்கி அடிக்கப் போவேன்.

மே மாதம் பட்டமளிப்பு. பெரிய மைதானத்தில் எல்லோருக்கும் நடப்பது ஒன்று. அது போக, எங்கள் பிள்ளைகளுக்கென்று துறை தனியாக நடத்துவது ஒன்று. அதற்குத்தான் குடும்பம் குடும்பமாக, பலூனும் ஊதுகுழலும் கைக்குழந்தையுமாகப் போவோம். பட்டம் வாங்கும் பிள்ளை மேடையேறி மைக்கில் ஒரு பெயரைச் சொல்லும். அந்த ஆள் எழுந்து போய், கோடு கோடாக வண்ணம் போட்ட சரப்பேத் துண்டைப் பிள்ளையின் தோளில் போட வேண்டும். ஒரே ஒரு ஆள். அந்தப் பிள்ளையை ஆளாக்கியது யார் என்று அன்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஏப்ரல் முழுவதும் காத்திருந்தேன். நீலத்தில் ஒரு கவுன்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

"கேட்டாளா?" என்பாள் சோக்கோரோ.

"கேப்பா. எங்க போயிடப் போறா?"

பட்டமளிப்புக்கு நாலு நாள் இருக்கும்போது கடைக் கதவு திறந்தது. ஒற்றைப் பின்னல், வளையத் தோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் ரெபேக்காங்க. நயேலியோட டீச்சர். இந்த ஃப்ரெஸ்னோ ஊர்லயே எங்க அம்மா மாதிரி யாரும் முடி வெட்ட மாட்டாங்கன்னு நயேலி சொல்லிட்டே இருப்பா."

சோக்கோரோ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். நான் உட்காரச் சொன்னேன். துணியைப் போர்த்தி, பின்னலை அவிழ்த்தேன். நல்ல முடி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும், காதுக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது.

பாதி வெட்டியபோது அவள் சொன்னாள்: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். துண்டு போட நயேலி என்னைத்தான் கேட்டா. நான் முடியாதுன்னுட்டேன். அது உங்க அம்மா செய்ய வேண்டியது, போய் அவங்களைக் கேளுன்னு அனுப்பினேன்."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. சோக்கோரோவின் உலர்த்தும் இயந்திரமும் நின்றுவிட்டது. அவளுக்கு ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது.

பெருந்தன்மையாம்! ஏழைக்குத் தட்டில் மிச்சத்தை வைப்பது போல என் மகளை எனக்கே எடுத்துத் தருகிறாள்.

"யார் வீட்டுப் பொருளை யாருக்குத் தூக்கிக் குடுக்குறீங்க?" என்றேன்.

"நான் அப்படி நெனச்சு சொல்லலங்க."

"தலையை ஆட்டாதீங்க. கோணிக்கும்."

மீதியையும் ஒரு நூல் பிசகாமல் வெட்டினேன். என் கையை ஒருத்தியும் குறை சொல்லக் கூடாது.

சாயங்காலம் நயேலி வந்தாள். கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே, "அம்மா, சனிக்கிழமை நீ எனக்குத் துண்டு போடுறியா?" என்றாள்.

"உன் டாக்டரம்மா மாட்டேன்னுட்டா. அதனால என்கிட்ட வந்தியாக்கும்?"

மறுப்பாள் என்று நினைத்தேன். ஒரு பொய்யாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஆமா. அவங்களைத்தான் மொதல்ல கேட்டேன்" என்றாள்.

"ஏன்டி? இந்தக் காலு வீங்க வீங்க நின்னு உன்னைப் படிக்க வெச்சது அவளா?"

"நீதாம்மா. யாரு இல்லன்னா? ஆனா அந்தத் துறையில சேர்றேன்னப்போ நீ என்ன சொன்னே? நர்ஸ் வேலைக்குப் படி, இதெல்லாம் சோறு போடாதுன்னு ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே. நாலு வருஷத்துல ஒரு நாளாவது, இன்னிக்கு என்னடி படிச்சேன்னு கேட்டியா? அவங்க தினமும் கேட்டாங்க."

"கேட்டா எனக்குப் புரியுமா?"

"புரியலேன்னா நான் சொல்லியிருப்பேன்ல?"

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். நான் கேட்கவில்லைதான். கேட்டால் அவள் வாயிலிருந்து டாக்டரம்மா பெயர் வரும் என்று பயந்துதான் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாய் வந்தால்தானே?

மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் நான் மாட்டேன் என்றால் அவள் திரும்ப அங்கேதான் போவாள். அந்தத் துண்டை அந்த டாக்டரம்மா தொட விடுவேனா?

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

சனிக்கிழமை நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் வரிசையில் என் வீட்டுக்காரர், அவர் தம்பி குடும்பம், சோக்கோரோ. மேடையில் ஒரு பக்கம் ஆசிரியர்கள் கறுப்பு அங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் ஊதுகுழல் காதைப் பிளந்தது.

நயேலி ஏறினாள். மைக்கில், "எங்க அம்மா, ஒஃபேலியா" என்றாள். என் வீட்டுக்காரர் விசிலடித்தார். படியேறினேன். ஒரு பெண் என் கையில் துண்டைக் கொடுத்தாள். நயேலி குனிந்தாள். போட்டேன். இரண்டு பக்கமும் சமமாக இழுத்து விட்டேன்.

நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர். பார்வை என் மேல் இல்லை. என் தோளுக்கு மேலே, ஆசிரியர்கள் வரிசையில் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், எந்த நாற்காலியில் என்று.

துண்டின் இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

"இங்க பாருடி. பெத்தவ இங்க நிக்கிறேன்."

மைக் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. அத்தனை அம்மாக்களும் கொல்லென்று சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

பார்த்தாள். நான் சொன்னதால்தான் பார்த்தாள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அடுத்த பெயரைக் கூப்பிடும்வரை நான் துண்டை விடவில்லை.